கப்சாய் ஓட்டிப் பழகியவன் ரேஸ் சைக்கிளில் எப்படி வளைவது? (மலேசியா, கேமரன் மலைச் சாலை: ரிங்லெட் – தாப்பா இறக்கம்)

தாப்பா59 (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உரிமம் எடுத்த நாளிலிருந்து 26 ஆண்டுகளாகக் கப்சாய் (சிறிய கியர் மோட்டார்சைக்கிள்) ஓட்டுகிறேன். தோட்டத்து லயத்திலிருந்து தாப்பா பட்டணத்துக்கும், அங்கிருந்து ரிங்லெட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக்கும், 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் மழையிலும் இருட்டிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட விழுந்ததில்லை.

சர்க்கரை ஏறுகிறது, உடம்பை அசையுங்கள் என்று மருத்துவர் சொன்னதால் சென்ற ஆண்டு பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஏற்றம் பழகிவிட்டது. இறக்கம்தான் பயமாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு காலை, லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். தார் காய்ந்திருந்தது. வேகம் 35 கிலோமீட்டர் இருக்கும். வளைவின் நடுவில் சைக்கிள் திடீரென்று துள்ளியது. பின்சக்கரம் தூக்கி எறியப்பட்டதுபோல விலகியது. அடுத்த நொடி இடப்பக்க வடிகால் ஓரத்தில் கிடந்தேன். முழங்கையில் ஏழு தையல். பின்னால் வண்டி எதுவும் வராததால் இன்று இதை எழுதுகிறேன்.

இதற்கு முன்னும் இரண்டு முறை அதே போலத் துள்ளியது. விழாமல் தப்பித்தேன். டயர் புதியது.

என் கேள்வி இதுதான். கப்சாயில் வேகமாக வளைந்தால் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்ப்பேன். என் மகள் தோட்டத்துச் செம்மண் சடக்கில் மலை சைக்கிள் ஓட்டுகிறாள். அவள் அதற்கு நேர்மாறாக, சைக்கிளைச் சாய்த்துவிட்டு உடம்பை நிமிர்த்தி வைக்கிறாள். ரேஸ் சைக்கிளுக்கு இதில் எது சரி?

பீடோர்சக்கரம்

அண்ணே, உயிரோடு இருக்கிறீர்களே, அது போதும். தையல் பிரித்ததும் மறுபடி ஏறுங்கள், விட்டுவிடாதீர்கள்.

ரேஸ் சைக்கிளில் உடம்பும் சைக்கிளும் ஒரே கோட்டில் சாய வேண்டும். உள்ளேயும் தொங்க வேண்டாம், வெளியேயும் நிமிர வேண்டாம். கைகளை வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். மார்பு தாழும், முன்சக்கரத்துக்கு எடை கிடைக்கும், பிரேக்கும் விரலுக்கு அருகில் வரும். வெளிப்பக்கக் கால் முழுதாகக் கீழே இருக்கட்டும், உடம்பின் எடை அந்தப் பெடல்மேல் நிற்கட்டும். இருக்கையை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். கப்சாயில் இரண்டாம் கியர் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளுக்கு அந்தத் துணை கிடையாது. பிரேக்கை விட்ட கணத்திலிருந்து சரிவு உங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆகவே வளைவுக்குள் நுழையும் வேகத்தைவிட வெளியேறும் வேகம் கூடுதலாகத்தான் இருக்கும். இதைக் கணக்கில் வைத்து, தேவை என்று தோன்றுவதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே நுழையுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் இறக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வராதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடித்த ஒருவரை நானே தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். பலமாக ஒரு பிடி, பிறகு முழுதாக விடுதல், காற்றில் ரிம் ஆறட்டும்.

செம்மண்சடக்கு

உங்கள் மகள் செய்வது முற்றிலும் சரி அண்ணே. நானும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில்தான் ஓட்டுகிறேன். அங்கே ஏன் அப்படி ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

மலை சைக்கிள் டயரை உட்கார்ந்து உற்றுப் பாருங்கள். நடுவில் தாழ்ந்த ரப்பர் முட்டுகள், ஓரத்தில் உயரமான தடித்த முட்டுகள், இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறும் பள்ளம். நேராகப் போகும்போது நடு முட்டு வேலை செய்கிறது. வளைவில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஓர முட்டு. சைக்கிளைப் பாதி மட்டும் சாய்த்தால் டயர் அந்த வெறும் பள்ளத்தில் நிற்கும், சரளை அதை எண்ணெய்போல வழுக்கிவிடும். ஆகவே உள்பக்கக் கையை நீட்டிக் கைப்பிடியைக் கீழே அழுத்தி, வெளி முழங்கையை உயர்த்தி, சைக்கிளை ஆழமாகச் சாய்க்கிறோம். உடம்பு டயருக்கு மேலேயே நிற்கிறது. டயர் ஒரு சாண் நழுவினாலும் உடம்பு கூடவே விழாது. சைக்கிள் மட்டும் கீழே ஓடிப்போய் மறுபடி பிடித்துக்கொள்ளும். இடுப்பு வளைவின் முடிவைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இருக்கையைத் தாழ்த்தாமல் இதெல்லாம் நடக்காது.

வெளிப்பக்கம் வரப்புபோல மண் ஏற்றிய வளைவு என்றால் கதை வேறு. அங்கே மண்ணே சுவராகத் தாங்குகிறது, உடம்பும் சேர்ந்து சாயலாம்.

காற்றையும் கவனியுங்கள். என் 2.4 அங்குல டயரில் 23 பிஎஸ்ஐதான் வைக்கிறேன். அது மண்ணின்மேல் தட்டையாக விரிந்து ஒவ்வொரு கல்லையும் கவ்வும். உங்கள் ரேஸ் சைக்கிளில் 80 இருக்கும். அது கல்லைக் கவ்வாது, கல்லின்மேல் ஏறிக் குதிக்கும். நீங்கள் சொன்ன துள்ளல் அப்படி வந்ததோ?

பயிற்றுநர்ஐயா

தம்பி, நான் 19 ஆண்டுகள் மோட்டார்சைக்கிள் உரிமப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன். உடம்பை உள்ளே கொண்டுபோவது தவறான பழக்கம் அல்ல. வண்டி 100 கிலோ, நீங்கள் 70 கிலோ. உடம்பை உள்ளே நகர்த்தினால் அதே வேகத்தில் வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். கால் மிதி தரையில் உரசாது, முன்பக்கச் சுருள்வில் ஒழுங்காக வேலை செய்யும். செப்பாங் பந்தயத் திடலில் முழங்காலை உரசிக்கொண்டு போகிறவர்கள் இதைத்தான் உச்ச அளவில் செய்கிறார்கள்.

ஆனால் உடம்பை மட்டும் சாய்த்தால் வண்டி திரும்பாது. வலப்பக்கம் வளைய வேண்டுமானால் வலக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் கணநேரம் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் சாயும், அதன் பிறகே வளையும். பயிற்சிக்கு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காலி மைதானத்தில் 40 கிலோமீட்டரில் ஓட்டவிட்டு, ஒரு விரலால் தள்ளிப் பார்க்கச் சொல்வேன். இறங்கும்போது முகமே மாறியிருக்கும்.

வளைவுக்குள் போனதும் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடி முறுக்கைச் சீராக, சற்றே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டி பின்சக்கரத்தின்மேல் அமைதியாக உட்காரும். நடு வளைவில் பயந்து முறுக்கைச் சட்டென்று மூடினால் எடை முன்னால் பாயும். அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

என் கருத்து: ரேஸ் சைக்கிளிலும் உடம்பைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோனால் டயருக்குப் பிடிப்பு மிச்சமாகும்.

பீடோர்சக்கரம்

மன்னிக்க வேண்டும் ஐயா, கடைசி வரியை ஏற்க முடியவில்லை. என் சைக்கிள் 8 கிலோ. 8 கிலோ வண்டியில் எடையை உள்ளே நகர்த்துகிறேன் என்றால் எதை விட்டு எதை நகர்த்துவது? எடையே நான்தானே?

ஆறாம்படிவம்

ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவன் நான். இங்கே இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பிரச்சினை ஒரே ஒரு சொல்லில்: பிடிப்பு.

வளைவில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் முடிவு செய்கின்றன. வேகத்தை வேகத்தால் பெருக்கி, ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் தாஞ்சன் (tan) கிடைக்கும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் சுமார் 27 பாகை. வேகம் 45 ஆனால் சுமார் 38. 54 என்றால் 49 பாகை, அது சாதாரணத் தார்ச்சாலை தரக்கூடிய பிடிப்பைத் தாண்டியது. இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 8 கிலோ சைக்கிளானாலும் 200 கிலோ மோட்டார்சைக்கிளானாலும், ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த எடைமையத்திலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்குப் போகும் கோடு அதே கோணத்தில்தான் சாய்ந்திருக்கும். டயரின் அகலம் இதைச் சிறிதளவு மாற்றும், அவ்வளவுதான்.

ஆகவே உடம்பை உள்ளே நகர்த்துவதாலோ வெளியே நிமிர்த்துவதாலோ டயரிடம் கேட்கும் பிடிப்பு குறைவதில்லை. மாறுவது ஒன்றுதான்: அந்தச் சாய்வில் வண்டியின் பங்கு எவ்வளவு, உடம்பின் பங்கு எவ்வளவு என்பது. கனமான மோட்டார்சைக்கிளுக்குக் கால்மிதி உரசக் கூடாது, ஆகவே வண்டியை நிமிர்த்த உடம்பு உள்ளே போகிறது. மலை சைக்கிளுக்கு ஓர முட்டு மண்ணில் இறங்க வேண்டும், ஆகவே வண்டி சாய்ந்து உடம்பு வெளியே நிற்கிறது. ரேஸ் சைக்கிள் டயர் உருண்டையானது, எந்தக் கோணத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தரையைத் தொடும். அங்கே உடம்பை இப்படியோ அப்படியோ ஒதுக்குவதற்குக் காரணம் கிடையாது, ஒரே கோட்டில் சாய்வது இயல்பானது.

வெளிக்காலில் எடை வைப்பதும் இப்படித்தான். மொத்த எடை கூடுவதில்லை. ஆனால் எடை இருக்கையிலிருந்து பெடலுக்கு இறங்குவதால், பள்ளம் மேட்டில் சைக்கிள் உங்கள் அடியில் தாராளமாக ஏறி இறங்க முடிகிறது. உள்பெடலும் தானாக உயர்ந்துவிடுகிறது.

கைப்பிடியைத் தள்ளுவது பற்றி ஐயா சொன்னது சைக்கிளுக்கும் பொருந்தும். சைக்கிள் லேசாக இருப்பதால் கை அதைத் தானாகவே செய்துவிடுகிறது, மனம் அறிவதில்லை. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். மூத்தவர் வில்பர், இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார், முதலில் கேட்டபோது ஒருவரும் முழுச் சரியான பதில் சொல்லவில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

தாப்பா59 அவர்களே, ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் விழுந்தது இடப்பக்க வடிகால் ஓரத்தில். வளைவில் பிடிப்பு இழந்தவர் வெளிப்பக்கம்தான் போவார். அப்படியானால் அது வலப்பக்க வளைவு. மற்ற இரண்டு துள்ளலும் எந்தப் பக்க வளைவில்?

தாப்பா59

ஆசிரியர் ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. ஒன்று அருவிக்கு மேலே, ஒன்று கீழ்ப்பகுதியில் ஒரு பாலத்தை அடுத்து. இரண்டும் வலப்பக்கம்தான். மூன்றும் வலப்பக்கம்.

பயிற்றுநர்ஐயா

தம்பி, உடனே போய் உங்கள் சைக்கிளின் வலப் பெடலைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம், வெளி ஓரம்.

தாப்பா59

பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கை நடுங்குகிறது.

வலப் பெடலின் வெளி ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு உலோகம் தேய்ந்து பளபளக்கிறது. மூன்று கோடுகள். இரண்டு மெல்லியவை, ஒன்று ஆழமானது, அதற்குள் தார்ப்பொடி கறுப்பாக இறுகியிருக்கிறது. ஊசியால் குத்தி எடுத்தேன். இடப் பெடலில் ஒரு கீறல்கூட இல்லை. கடையில் வாங்கிய அன்று இருந்த பூச்சு அப்படியே இருக்கிறது.

ஆனால் நான் வளைவில் மிதிக்கவில்லை ஐயா. சத்தியமாக மிதிக்கவில்லை.

பயிற்றுநர்ஐயா

மிதிக்கவில்லை, சரி. பிரேக் போட்டீர்கள்.

கப்சாயில் பின் பிரேக் எங்கே இருக்கிறது? வலக்காலில். 26 ஆண்டுகளாக வேகம் கூடிவிட்டது என்று உள்ளம் சொன்ன ஒவ்வொரு முறையும் உங்கள் வலக்கால் கீழே இறங்கியிருக்கிறது. சைக்கிளிலும் அதே கணத்தில் அதே கால் இறங்கியது. அங்கே பிரேக் இல்லை, பெடல் இருக்கிறது. பெடல் சுழன்று அடிக்குப் போய்விட்டது. இடப்பக்க வளைவில் வலக்கால் வெளிக்கால், கீழே இருப்பதே நல்லது, ஆகவே அங்கே நீங்கள் அழகாக வளைந்தீர்கள். வலப்பக்க வளைவில் அதுவே உள்கால்.

ஆறாம்படிவம்

எண்ணும் பொருந்துகிறது. சாதாரணச் சைக்கிளில் உள்பெடல் முழுதாகக் கீழே இருந்தால் 25 முதல் 30 பாகைச் சாய்வில் தரையைத் தொட்டுவிடும். 35 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவுக்கு நீங்கள் ஏறத்தாழ அதே கோணத்தில்தான் சாய்ந்திருப்பீர்கள். பெடல் தரையில் ஊன்றியதும் பின்சக்கரம் எழும்பிவிட்டது. டயரும் குற்றவாளி அல்ல, சரளையும் அல்ல.

செம்மண்சடக்கு

படித்ததும் மெய்சிலிர்த்துவிட்டது. நாங்கள் சரிவில் இரண்டு பெடலையும் கிடைமட்டமாக வைத்துக்கொண்டே வருவோம், வேர் தட்டும், கல் தட்டும் என்பதற்காக. தட்டையான வளைவில் வெளிக்காலை இறக்குவோம். உள்காலை இறக்கினால் என்ன ஆகும் என்பதை முதல் வாரத்திலேயே ஒரு பால்மர (ரப்பர்) வேர் கற்றுக்கொடுத்துவிட்டது.

அண்ணே, பள்ளித் திடலில் இரண்டு செருப்புகளை 12 அடி இடைவெளியில் வைத்து எட்டுப் போட்டுப் பழகுங்கள். வலப்பக்கம் திரும்பும் முன் இடக்கால் கீழே. வாய்விட்டு "இடக்கால்" என்று சொல்லுங்கள். வாய் சொன்னால்தான் கால் கேட்கும். மெதுவாகவே போங்கள், இது வேகத்துக்கான பயிற்சி அல்ல.

பயிற்றுநர்ஐயா

அது சைக்கிளுக்கான மருந்து. நோய் கப்சாயில் இருக்கிறது.

நீங்கள் தினமும் கப்சாயில் வேலைக்குப் போகிறீர்கள். ஞாயிறு ஒருநாள் சைக்கிளில் பழகியதைத் திங்கள் முதல் சனி வரை வலக்கால் மறந்துவிடும். அதைவிட முக்கியம், வளைவுக்குள் சாய்ந்த பிறகு பின் பிரேக்கை மிதிப்பது கப்சாயிலேயே ஆபத்து. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரே கைப்பிடி அரிசி போன்றது. வளைவதற்குப் பாதி போய்விட்டால் பிரேக்குக்கு மீதிதான் கிடைக்கும். இறக்கத்தில் பின்சக்கரத்தின்மேல் எடையும் குறைவு, மழையில் லேசாக மிதித்தாலே பூட்டிக்கொள்ளும். 26 ஆண்டுகள் விழவில்லை என்பது உங்கள் நிதானமான வேகத்தால். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், கியரைக் குறையுங்கள், பிறகு வலக்காலை மிதியின்மேல் தட்டையாக வைத்துக்கொண்டு வளையுங்கள்.

காய்கறிலோரி

வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இந்தப் பாதையில் லோரி ஓட்டுகிறேன். முன்பு செம்பனைக் குலை ஏற்றினேன், இப்போது கேமரன் மலைக் காய்கறி. மேலிருந்து பார்க்கிறவனுடைய பேச்சையும் கேளுங்கள்.

வளைவில் என் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். கூர்மையான வளைவில் நடுக்கோட்டைத் தொடாமல் திரும்ப என்னால் முடியாத இடங்கள் உண்டு. இடப்பக்க வளைவில் எதிரே வருவதைப் பார்க்க வேண்டும் என்று சைக்கிள்காரர்களும் மோட்டார்சைக்கிள்காரர்களும் நடுக்கோட்டை ஒட்டி வருகிறார்கள். நான் திரும்பும்போது அவர்கள் தலை என் கதவுக்குக் கீழே இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

தோட்டத்துப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. செம்பனை எண்ணெய் ஆலைக்குத் திரும்பும் சந்தியில் லோரியிலிருந்து உதிரிப்பழம் விழும், சக்கரம் ஏறி நசுங்கும், எண்ணெய் தாரில் ஊறும். வெயிலில் தெரியாது, முதல் தூறலில் தெரியும். பால்மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வளைவின் ஓரத்தில் குவியும் ஈர இலையும் அப்படித்தான்.

பீடோர்சக்கரம்

அண்ணே, நடுக்கோட்டை ஒட்டி நுழைவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அதுதான் பாதுகாப்பு என்றார். தொலைவு தெரியும், வளைவும் விரியும்.

காய்கறிலோரி

தொலைவு தெரியட்டும் தம்பி. கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நின்று பாருங்கள், அப்போதும் தெரியும். வளைவும் அவ்வளவு விரியத் தேவையில்லை, வேகத்தைக் குறைத்தால்.

பீடோர்சக்கரம்

சரி அண்ணே. இந்த ஞாயிறு முதல் அப்படியே வருகிறேன்.

தாப்பா59

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

பயிற்றுநர் ஐயா சொன்னதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. கப்சாயில் வளைவுக்குள் பிரேக் போடுகிறவன் நான் அல்ல என்றுதான் நினைத்திருந்தேன். மகளிடம் சொன்னேன். தோட்ட அலுவலகத்திலிருந்து பட்டணம் வரை என் பின்னால் அவள் தன் வண்டியில் வந்தாள். வேறெதையும் பார்க்காமல் என் பின்விளக்கை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். வழியில் 17 வளைவுகள். வீட்டுக்கு வந்து உள்ளங்கையைக் காட்டினாள். விளக்கு எரிந்த வளைவுக்கு ஒன்றாகப் பேனாவால் கோடு போட்டு வந்திருந்தாள். 14 வளைவுகளில் நான் சாய்ந்த பிறகு சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் வளைவுக்கு முன் பிரேக்கை முடித்துவிட்டு, வலப் பாதத்தைத் தட்டையாக வைத்தே வளைகிறேன். முதல் வாரம் கணுக்கால் வலித்தது, அடக்கி வைத்த வலி. திடலில் எட்டுப் போடும்போது பள்ளிப் பிள்ளைகள் வேலியோரம் நின்று என்னோடு சேர்ந்து "இடக்கால்" என்று கத்துகிறார்கள். அதுவும் உதவுகிறது.

நேற்று மகள் மறுபடி பின்னால் வந்தாள். உள்ளங்கையில் இரண்டு கோடுகள். இரண்டும் எந்த வளைவு என்று எனக்குத் தெரியும். ஆலைச் சந்திக்கு முன் அடுத்தடுத்து வரும் இரண்டு வலப்பக்கத் திருப்பங்கள். இன்னும் மூன்று வாரம் அங்கேயே பழகிவிட்டு, அதன் பிறகு ரிங்லெட்டிலிருந்து சைக்கிளில் இறங்குகிறேன். பீடோர்க்காரர் முன்னால் வந்து வழிகாட்டினால் மகிழ்ச்சி. காலை ஆறரைக்கு லோரி குறைவாக இருக்குமா, அல்லது அதற்கும் முன்னால் கிளம்ப வேண்டுமா?

காய்கறிலோரி

ஏழு மணிக்குக் கிளம்புங்கள் அண்ணே. ஆறரைக்கு அருவிக்கு மேலே மூடுபனி இருக்கும், எனக்கே முன்விளக்குக்கு அப்பால் தெரியாது. நான் அந்த ஞாயிறு ஏறி வருகிறேன். எந்த வாரம் என்று மட்டும் சொல்லுங்கள், வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறேன்.